காத்திருக்கும் நேரத்தில் புத்தகத்தை மூடிவையுங்கள்

காலை மணி 6.35. உட்லண்ட்ஸ் பேருந்து முனையத்தில் 969 பேருந்துக்காக நிற்கும் வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர். பாதிப் பேர் கைப்பேசியில் மூழ்கியிருக்கிறார்கள். இருவர் நின்றுகொண்டே தூங்குகிறார்கள். ஒரு மாணவி மட்டும் தடித்த கோப்பு ஒன்றைத் திறந்து, பக்கம் முழுக்க மஞ்சள் கோடு போட்டிருந்த குறிப்புகளைப் படித்துக்கொண்டிருந்தார். வரிசை நகரும்போது கோப்பை மூடினார். நின்றதும் திறந்தார். மீண்டும் அதே பக்கத்தின் முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நானும் இப்படித்தான் நின்றேன்.

என் வீடு தீவின் வடக்கே இருக்கிறது, நான் படிக்கும் பலதுறைத் தொழிற்கல்லூரி கிழக்கே. வீட்டு வாசலிலிருந்து வகுப்பறைவரை ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். போய்வர மூன்று மணி நேரம், வாரத்திற்கு 15 மணி நேரம். வகுப்புகள் நடக்கும் 15 வாரங்களுக்குக் கணக்குப் போட்டால் ஒரு பருவத்தில் 225 மணி நேரம் வருகிறது. ஒன்பது முழு நாள்களுக்கும் மேல் நான் பேருந்திலும் வரிசையிலும்தான் இருக்கிறேன்.

இந்தக் கணக்கை முதன்முதலில் போட்டபோது பயமாக இருந்தது. கல்லூரிக்குப் பக்கத்திலேயே வசிக்கும் என் தோழி தூங்கி எழுந்து, பசியாறி, ஒரு பாடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் நான் ஈசூனைத் தாண்டிக்கொண்டிருப்பேன். அந்த 225 மணி நேரத்தையும் படிப்பாக மாற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த முடிவுதான் என் முதல் பருவத்தைக் கெடுத்தது.

ஏமாற்றிய மஞ்சள் கோடுகள்

திட்டம் எளிமையானது. விரிவுரைக் குறிப்புகளை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். வரிசையில் படித்தேன், பேருந்தில் படித்தேன், ரயில் மாறும்போது மின்படிக்கட்டில் நின்றபடியும் படித்தேன். முக்கியமான வரிகளுக்கு மஞ்சள், மிக முக்கியமானவற்றுக்குப் பச்சை. மாலையில் வீட்டுக்கு வந்ததும், ‘இன்று மூன்று மணி நேரம் படித்துவிட்டோம்’ என்ற நிம்மதியில் புத்தகத்தைத் தொடவே மாட்டேன்.

முதல் பொதுச் சோதனையில் கேள்வித்தாளைப் பார்த்ததும் எல்லாமே தெரிந்த விஷயங்களாகத்தான் இருந்தன. எந்தப் பக்கத்தில், எந்த நிறக் கோட்டுக்குக் கீழே விடை இருக்கிறது என்பதுகூட நினைவுக்கு வந்தது. விடை மட்டும் வரவில்லை. வகுப்பிலேயே மிகக் குறைந்த மதிப்பெண்கள் வாங்கிய ஐந்தாறு பேரில் நானும் ஒருத்தி.

“நான் படிக்கவே இல்லை” என்று சொல்லும் மாணவருக்காவது வழி தெரியும், இனிமேல் படிக்கலாம். ஒவ்வொரு நாளும் மூன்று மணி நேரம் படித்தும் தேறாதவர் என்ன செய்வது? இந்தப் படிப்பே எனக்கு ஒத்துவராது, விலகிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்கும் அளவுக்கு மனம் தளர்ந்துபோனேன்.

தெரியாத காத்திருப்பு நீளமானது

பிறகுதான் ஒன்றைக் கவனிக்கத் தொடங்கினேன். பேருந்துக்காக நிற்கும்போது உண்மையிலேயே நான் படிக்கிறேனா?

டேவிட் மைஸ்டர் என்ற நிர்வாகவியல் அறிஞர் வரிசைகளில் காத்திருக்கும் மனிதர்களின் மனநிலையைப் பற்றி 1985இல் ஒரு கட்டுரை எழுதினார். அதில் அவர் சொன்ன இரண்டு கருத்துகள் நமக்கெல்லாம் பழக்கமானவையே. எதுவும் செய்யாமல் காத்திருக்கும் நேரம், ஏதாவது செய்தபடி காத்திருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தோன்றும்.

பேருந்து ‘4 நிமிடத்தில் வரும்’ என்று கைப்பேசிச் செயலி காட்டினால் மனம் அமைதியாகிவிடுகிறது. எண் காட்டாமல் வெறும் கோடு காட்டினால் நிமிடத்துக்கு ஒருமுறை சாலையை எட்டிப் பார்க்கிறோம். அப்படி எட்டிப் பார்க்கும் மனத்தின் முன்னால் புத்தகத்தைத் திறந்துவைத்தால் கண் வரிகளின்மேல் ஓடும், காது பேருந்தின் சத்தத்துக்குக் காத்திருக்கும். படித்த வரியையே ஐந்து முறை படிப்போம். ஐந்து முறை படித்ததால் அது பழகிப்போகும். பழகிப்போனதைத் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். என் மஞ்சள் கோடுகள் செய்த ஏமாற்று வேலை இதுதான்.

மருந்தகத்தில் கிடைத்த பாடம்

அதே பருவத்தில் ஒருநாள், ஆய்வுக்கூடம் திறப்பதற்காக வெளியே காத்திருந்தோம். உடன் படிக்கும் ஒருவர், “இன்சுலின் பகுதி எனக்குப் புரியவே இல்லை, உனக்குத் தெரியுமா?” என்று கேட்டார். குறிப்பு எதையும் திறக்காமல் பத்து நிமிடம் விளக்கினேன். சொல்லி முடித்தபோது எனக்கே வியப்பு. அது நான் உயர்நிலை நான்கில் படித்த பாடம். நேற்றுப் படித்தது நினைவில் இல்லாதபோது, அந்தப் பழைய பாடம் மட்டும் எப்படி நின்றது?

யோசித்தபோது நினைவுக்கு வந்தது பள்ளியல்ல, பலதுறை மருந்தகம்.

என் பாட்டிக்கு நீரிழிவு. சாதாரண நிலைத் தேர்வு எழுதிய ஆண்டில், அவருடைய பரிசோதனை நாள்கள் என் விடுமுறையில் வந்தால் நான்தான் அழைத்துச் செல்வேன். ரத்தம் எடுக்க ஒரு வரிசை, மருத்துவரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்து வாங்க இன்னொரு வரிசை. வரிசை எண் எப்போது திரையில் வரும் என்று தெரியாததால் பாட்டி என்னைக் கண் எடுக்க விடமாட்டார். “நம்ம நம்பர் போயிடப் போகுது, பாத்துக்கிட்டே இரு” என்பார். புத்தகம் மடியில் மூடியே கிடக்கும்.

ஒருநாள் அவரே கேட்டார்: “என்னம்மா அது, என்ன படிக்கிற?”

“உங்க வியாதியைத்தான் பாட்டி படிக்கிறேன்.”

“அப்படியா? அப்ப ஒண்ணு சொல்லு. ரத்தத்துல சக்கரை நிறைய இருக்குன்னு டாக்டர் சொல்றாரு. சக்கரைன்னா சக்திதானே? பிறகு ஏன் எனக்கு எந்நேரமும் களைப்பா இருக்கு?”

நான் விழித்தேன். புத்தகத்தில் இருந்த வரையறை அப்படியே மனப்பாடமாகத் தெரியும். இந்தக் கேள்விக்கு விடை தெரியவில்லை. அடுத்த முறை சொல்கிறேன் என்று சமாளித்தேன். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்து அந்தப் பாடத்தை வேறு கண்ணோடு படித்தேன். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தேன்.

அடுத்த முறை, அதே மருந்தகத்தின் அதே பச்சை நாற்காலிகளில் உட்கார்ந்து சொன்னேன்: “பாட்டி, ஒரு லாரி நிறைய அரிசி வந்து நம்ம புளோக்குக்குக் கீழே நிக்குது. ஆனா லிப்ட் சரியா ஓடல. அரிசி கீழேயே குவிஞ்சு கிடக்கும், மேல் மாடிக்காரங்க எல்லாம் பட்டினி. அரிசிதான் சக்கரை. லிப்டை ஓட வைக்கிறதுதான் இன்சுலின் செய்யிற வேலை. உங்க உடம்பு இன்சுலின் சொல்றதைச் சரியா கேக்க மாட்டேங்குது. அதனாலதான் ரத்தத்துல சக்கரை இருந்தும் உங்களுக்குக் களைப்பு.”

பாட்டி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப களைப்பா இருக்குன்னு நான் தேத்தண்ணியில சீனி கூட்டிக் குடிக்கிறது, இன்னொரு லாரிய கொண்டாந்து நிறுத்துறது மாதிரியா?” என்றார்.

அதேதான். அன்று கீழே உள்ள காப்பிக்கடையில் பாட்டி முதன்முறையாக ‘தே ஓ கோசோங்’ கேட்டார். பாலும் இல்லை, சீனியும் இல்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் குடித்தார், ஆனாலும் குடித்தார். எந்தத் தேர்வில் என்ன மதிப்பெண் வாங்கினேன் என்பது மறந்துபோகலாம். அந்தப் பாடம் எனக்கு மறக்காது.

உள்ளே போடுவதும் வெளியே எடுப்பதும்

மருந்தகத்தில் நான் எதையும் படிக்கவில்லை. படித்ததை வெளியே எடுத்தேன். வித்தியாசம் இதில்தான் இருக்கிறது என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக அவை மறக்கின்றன என்று அளந்து 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்திலேயே மிக வேகமாக நடக்கிறது, பிறகு மெதுவாகிறது என்பது அவர் கண்டது. காலை விரிவுரையில் கேட்டது மாலைக்குள் கரைந்துபோவது உங்கள் குறையல்ல. மனித மூளையின் இயல்பு.

அதைத் தடுப்பது எப்படி? அமெரிக்காவில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்ப்பிக்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்கள் சிறிய உரைப்பகுதிகளைப் படித்தார்கள். சில பகுதிகளை இரண்டாம் முறையும் படித்தார்கள். வேறு சிலவற்றைத் திரும்பப் படிக்காமல், நினைவில் இருப்பதைத் தாளில் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்ததே அதிகம் நினைவில் இருந்தது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழானது. இரண்டு முறை படித்த பகுதியில் ஏறக்குறைய 42 விழுக்காடு நினைவில் இருந்தது. நினைவிலிருந்து எழுதிப் பார்த்த பகுதியில் ஏறக்குறைய 56 விழுக்காடு.

இதில் நமக்கு ஒரு நல்ல செய்தி ஒளிந்திருக்கிறது. புதிய பாடத்தை உள்ளே போடுவதற்கு மேசை வேண்டும், வெளிச்சம் வேண்டும், இடையூறு இல்லாத நேரம் வேண்டும். உள்ளே போட்டதை வெளியே எடுத்துப் பார்ப்பதற்கு இவை எதுவும் வேண்டாம். இருக்கைகூட வேண்டாம். ரயிலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டும் செய்யலாம். பேருந்து வந்துவிட்டால் நிறுத்தலாம், ஏறியதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

காத்திருக்கும் நேரம் படிக்க உதவாது. படித்தது நிற்கிறதா என்று பார்க்க அதைவிட நல்ல நேரம் இல்லை.

எந்தக் காத்திருப்புக்கு எந்த வேலை

இரண்டாம் பருவத்திலிருந்து நான் பின்பற்றும் முறையைச் சொல்கிறேன். உங்கள் பாதைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், முந்தின இரவு மேசையில் படித்து முடித்ததும் ஒரு சிறிய அட்டையில் ஐந்து கேள்விகள் மட்டும் எழுதுவேன். விடை எழுத மாட்டேன். ‘ஏன்’, ‘எப்படி’ என்று தொடங்கும் கேள்விகளாக இருந்தால் நல்லது. காலையில் பையில் போவது அந்த அட்டை மட்டுமே.

ஐந்து நிமிடத்துக்கும் குறைவான காத்திருப்பில் ஒரு கேள்வி. பேருந்து நிறுத்தம், மின்தூக்கி, உணவங்காடியில் சாப்பாட்டு வரிசை எல்லாம் இதில் அடங்கும். விடை வரவில்லை என்றால் அட்டையில் ஒரு புள்ளி வைப்பேன். அங்கேயே குறிப்பைத் தேட மாட்டேன். அன்று மாலை மேசையில் உட்கார்ந்ததும் முதலில் பார்ப்பது புள்ளி வைத்த கேள்விகளைத்தான்.

நெரிசலான பயணத்தில் நின்றுகொண்டிருக்கும்போது, ஒரு முழுப் பாடத்தையும் யாருக்கோ சொல்லிக்கொடுப்பதுபோல மனத்துக்குள் சொல்வேன். எனக்குக் கேட்பவர் எப்போதும் பாட்டிதான். எந்த இடத்தில் அவர் “ஏன்?” என்று கேட்பார் என்று நினைத்தாலே, எனக்குப் புரியாத இடம் தெரிந்துவிடும்.

உட்கார இடம் கிடைக்கும் நீண்ட பயணம் வேறு வகை. பேருந்து வரும் நேரத்தைக் காட்டும் செயலிகளில் அந்த எண் பச்சையாக இருந்தால் இருக்கை இருக்கிறது, மஞ்சளாக இருந்தால் நிற்க இடமுண்டு, சிவப்பாக இருந்தால் நெரிசல் என்று பொருள். அவசரமில்லாத நாளில் சிவப்பை விட்டுவிட்டு அடுத்துவரும் பச்சைக்காகப் பத்து நிமிடம் காத்திருப்பது எனக்கு இலாபம். 969 விரைவுச்சாலையில் ஏறியதும் நெடுநேரம் நிறுத்தமே வராது. அந்த நேரத்தில் ஒரு வெற்றுத் தாளில் முந்தின நாள் விரிவுரையின் படத்தை நினைவிலிருந்து வரைவேன். கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை.

தமிழ் வாய்மொழித் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தனி யோசனை. தேர்வில் ஒரு காணொளியைக் காட்டிப் பேசச் சொல்வார்கள். பேருந்துச் சன்னலும் ஒரு காணொளிதான். வெளியே தெரிவதை மனத்துக்குள் முழு வாக்கியங்களாகத் தமிழில் விவரித்துப் பாருங்கள். ‘ஒரு அங்கிள் டிராலி தள்ளிட்டுப் போறாரு’ என்று தொடங்கும் மனம், ஒரு வாரத்தில் ‘முதியவர் ஒருவர் அட்டைப்பெட்டிகள் நிறைந்த தள்ளுவண்டியைத் தள்ளிச் செல்கிறார்’ என்று சொல்லப் பழகிவிடும். அதன் பிறகு, அந்த முதியவர் ஏன் இந்த வயதிலும் வேலை செய்கிறார் என்று ஒரு கருத்தைச் சொல்லிப் பாருங்கள்.

மேசை தேடி ஒரு பயணம்

வெளியே எடுக்க மேசை வேண்டாம் என்றேன். ஆனால் உள்ளே போட மேசை வேண்டும். எல்லார் வீட்டிலும் அது இருப்பதில்லை. ஓர் அறையில் மூன்று பேர் படுக்கும் வீடுகள் உண்டு. வரவேற்பறையில் தொலைக்காட்சி ஓடும் வீடுகள் உண்டு. இரவு வேலை முடிந்து பகலில் உறங்கும் அம்மாவை எழுப்பாமல் இருக்க வேண்டிய வீடுகளும் உண்டு. என் வீடு கடைசி வகை.

அதனால் நான் மாலையில் நேராக வீட்டுக்குப் போவதில்லை. உட்லண்ட்ஸ் வட்டார நூலகத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போவேன். தெம்பனிஸ், ஜூரோங், பொங்கோல் பக்கம் இருப்பவர்களுக்கும் வட்டார நூலகங்கள் இருக்கின்றன. நகரில் படிப்பவர்களுக்கு விக்டோரியா ஸ்திரீட்டில் தேசிய நூலகக் கட்டடம் உண்டு. தேர்வுக் காலத்தில் இடம் கிடைப்பது சிரமம். ஒரு பையையும் ஒரு தண்ணீர்ப் புட்டியையும் வைத்து ‘சோப்’ செய்துவிட்டு இரண்டு மணி நேரம் சாப்பிடப் போகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த நாற்காலி இல்லாமல் திரும்பிப் போகும் ஒருவருக்கு, வீட்டில் மேசையே இல்லாமல் இருக்கலாம்.

தாமதமான அந்த ஒரு நாள்

இந்த முறையெல்லாம் கைவந்த பிறகும் ஒருநாள் வசமாக மாட்டிக்கொண்டேன். காலை 9 மணிக்குச் சோதனை. வழக்கமாகப் பத்து நிமிடம் முன்னதாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பேருந்தில்தான் ஏறினேன். அன்று விரைவுச்சாலையில் விபத்து. சன்னல் வழியே சிவப்பு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் ஒரு கேள்விக்கும் விடை நினைவுக்கு வரவில்லை. ஒரு மணி நேரச் சோதனைக்கு 25 நிமிடம் தாமதமாகப் போனேன். தெரிந்த கேள்விகளையும் எழுதி முடிக்க நேரமில்லை.

விபத்து யார் தவறோ, பத்து நிமிட இடைவெளி என் தவறு. வழக்கமான நாளை மனத்தில் வைத்துத்தான் நாம் கிளம்பும் நேரத்தை முடிவு செய்கிறோம்; தேர்வு நாளுக்கு மோசமான நாளை மனத்தில் வைக்க வேண்டும். 2024 செப்டம்பர் இறுதியில் கிழக்கு-மேற்கு ரயில் பாதையின் ஒரு பகுதி பல நாள்கள் தடைபட்டபோது, தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வும் அதே வாரத்தில் வந்தது. ரயில் தடையால் தாமதமாக வரும் மாணவர்களுக்கு முழுத் தேர்வு நேரமும் தரப்படும் என்று அப்போது அறிவித்தார்கள். தேசியத் தேர்வில் இப்படி நேர்ந்தால் பதறிப்போய்த் திரும்பிவிடாதீர்கள். பள்ளிக்கு உடனே தொலைபேசியில் சொல்லுங்கள், எவ்வளவு தாமதமானாலும் தேர்வுக்கூடத்துக்குப் போய்ச் சேருங்கள். வகுப்புச் சோதனைக்கு அந்தச் சலுகை கிடைக்கும் என்று மட்டும் நம்ப வேண்டாம். இப்போது தேர்வு நாளில் நான் வழக்கத்துக்கு இரண்டு பேருந்துகள் முன்னதாகவே ஏறிவிடுகிறேன்.

சும்மா இருப்பதும் வேண்டும்

கடைசியாக ஒன்று. 225 மணி நேரத்தையும் படிப்பாக்கிவிட வேண்டும் என்ற என் பழைய ஆசையை நான் விட்டுவிட்டேன். காலைப் பயணம் பாடத்துக்கு; மாலைப் பயணம் எனக்கு. திரும்பி வரும்போது பாட்டுக் கேட்பேன், தூங்குவேன், சில நாள்களில் எதுவுமே செய்யாமல் வெளியே பார்ப்பேன். அந்த நேரத்தையும் பிடுங்கிக்கொண்டிருந்தால் நான் இரண்டாம் ஆண்டுவரை வந்திருக்க மாட்டேன். கல்லூரிக்குப் பக்கத்தில் வசிக்கும் தோழியோடு ஒப்பிடுவதையும் நிறுத்திவிட்டேன். அவருக்குத் தூக்கம் அதிகம். எனக்குப் பேருந்து அதிகம். அவ்வளவுதான். என் மதிப்பெண்கள் வகுப்பின் உச்சிக்குப் போய்விடவில்லை. ஆனால் விலகிவிடலாமா என்று அம்மாவிடம் மீண்டும் கேட்கவில்லை.

அடுத்த விடுமுறையில் பாட்டிக்கு மறுபடியும் மருந்தகத்தில் பரிசோதனை. வரிசை எண் எப்போது திரையில் வரும் என்று யாருக்கும் தெரியாது. இந்தப் பருவத்தில் நான் படிப்பது சிறுநீரகம். பாட்டி என்ன கேள்வி கேட்கப்போகிறாரோ, இப்போதிலிருந்தே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.